மின்னலக்கா பார்த்த புயல்

திருப்பூரில் அத்தனை பேரும் நூல் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்கக் கடலில் வெட்டும் மின்னலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே மனுஷி எங்கள் மின்னலக்காதான். வீரபாண்டியில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் ஷிப்பிங் பிரிவு அவருடையது. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும்.

எங்கள் சரக்கு போய் இறங்குவது அமெரிக்காவில் ஒரு கடலோர ஊரில். அங்கே புயல் சீசன் தொடங்கினால் அக்காவின் கம்ப்யூட்டரில் பாதித் திரை கப்பல் பேப்பர், மீதித் திரை செயற்கைக்கோள் படம். யாருமில்லாத நடுக்கடலில் மின்னினாலும் செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்துவிடும். கேன்டீனில் தயிர்சாதத்தை வட்டமாகப் பரப்பி, தாளித்த கடுகையெல்லாம் நடுவில் ஒதுக்கி அக்கா பாடம் நடத்துவார்; சாதம் புயல், கடுகு மின்னல். கடுகு போதாவிட்டால் பக்கத்துத் தட்டிலிருந்து பொறுக்குவார்.

"நடுவுல மின்னல் கூடுச்சுன்னா, அங்க சூடான ஈரக்காத்து வேகமா மேல ஏறுதுன்னு அர்த்தம் தம்பி. புயல் வலுக்கலாம். ஒரு ஓரமா மட்டும் மின்னிச்சுன்னா, மேல்காத்து அதைச் சாய்க்குதுன்னு வச்சுக்கிடுங்க. ஆனா உறுதியாச் சொல்ல முடியாது. படிச்சவங்களே இன்னும் ஆராய்ஞ்சிட்டுதான் இருக்காங்க."

அந்த 'ஆனா'வை யாரும் காதில் வாங்கவில்லை.

முதல் வருஷம் அவர் பேச்சைக் கேட்டு, அந்த ஊர்க் கடலோரக் கிடங்கில் இருந்த சரக்கை லாரியில் ஏற்றிக் கடலை விட்டுத் தூரமாக அனுப்பச் சொன்னார் முதலாளி. லாரிச் செலவு எங்கள் தலையில். புயல் நமுத்த பட்டாசாகப் போனது. அதற்கப்புறம் கட்டிங் மாஸ்டர் முதல் வாட்ச்மேன் வரை குடையும் கையுமாக வந்து அக்காவிடம் மழை விசாரித்தார்கள். உள்ளூர் மழை தன் டிபார்ட்மென்ட் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் அவர் பொறுமையாக விளக்கினார்.

மறு வருஷம் இன்னொரு புயல். கிடங்கு நிறைய எங்கள் குழந்தை உடுப்புகள். விற்ற பிறகுதான் எங்களுக்குப் பணம். புயலின் நடுவட்டம் முழுக்க மின்னல். அக்கா முதலாளி அறைக்கு ஓடினார். முதலாளி கொங்குக்காரர்; கோபத்திலும் மரியாதை குறையாது.

"ஏனுங்கம்மா, நாம பனியன் தைக்கறவங்களா, பஞ்சாங்கம் பாக்கறவங்களா? போய் வேலையப் பாருங்க."

அக்கா வெளியே வந்து, அந்தக் கிடங்கில் சரக்கு வாங்கி வைக்கும் பெண்ணுக்குத் தானே போன் போட்டார். இருவரும் நேரில் பார்த்ததில்லை. அட்டைப்பெட்டிகளைப் பற்றிப் பேசிப் பேசியே பழக்கம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலை விட்டுத் தூரமாகப் போய்விடச் சொல்லி, தெரிந்த இங்கிலீஷில் கெஞ்சினார்.

ஒரே ராத்திரியில் புயல் கொழுத்தது. கிடங்குக்குள் கடல் புகுந்தது. எங்கள் சரக்கை அங்கே வாங்கி விற்கும் பையர் கடையை மூடினார். எங்கள் யூனிட்டில் ஒரு ஷிப்ட் நின்று, வடநாட்டுப் பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

அக்காவைப் பாராட்டியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். கருநாக்கு என்றார்கள். தப்பாகச் சொன்னபோது சிரித்த அதே வாய்கள். செக்கிங் பெண்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டார்கள். முதலாளி ஜோசியரை வரவழைத்து, அக்காவின் மேசையைக் கக்கூஸ் பக்கம் தள்ளிப் போட்டார்.

அக்காவுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. அந்தக் கிடங்குப் பெண்ணுக்குப் போன் போகவே இல்லை. தினமும் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலாளி எல்லோரையும் கூட்டிவைத்து நஷ்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் லைன் கிடைத்தது. அவளும் பிள்ளைகளும் தங்கச்சி வீட்டில் பத்திரம். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

இழவு வீட்டில் சிரித்தவரைப் பார்ப்பதுபோல் எல்லோரும் பார்த்தார்கள்.

"சரக்குப் போச்சுன்னு நாங்க அழுவறோம், உங்களுக்குச் சிரிப்பு வருதுங்களா?" என்றார் முதலாளி.

"சரக்குதான சார் போச்சு. ஆளு இருக்கால்லா," என்றார் அக்கா.

"நாளையில இருந்து நீங்க வர வேண்டாமுங்க."

அவ்வளவு மரியாதையாக யாரையும் வேலையை விட்டு நிறுத்தி நான் பார்த்ததில்லை.

இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார். முதலாளிக்கு நிம்மதி. அக்கா அருள்புரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறார். என் வீடு நேர் எதிர்த் திசையில். இருந்தாலும் வேலை முடிந்து கிளம்பினால் சில நாள் வண்டி அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. "ஏனுங்கக்கா, இன்னைக்கு எங்க மின்னுது?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கிறவரை நிற்கிறேன்.