கோழிக் குழம்போடு போன கரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அறிவழகன் அவர்களுக்கு,

பாப்பாரப்பட்டி நிருபர் தீர்த்தகிரி வணக்கம். தாங்களும் அலுவலகத்தாரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை.

உறுதியான செய்தி முதலில். எங்கள் ஊருக்கு வடக்கே அகழாய்வுக் குழியில் எடுத்த கரி, அதன் வயதைக் கணிக்கும் ஆய்வுக்கூடத்துக்கு நேற்றுப் போய்ச் சேர்ந்தது. சொன்னவர் அகழாய்வு அதிகாரி சோபனா. உறுதியாகாத செய்தி: போனது எங்கள் வீட்டுக் கரி.

கரியைப் பெட்டியில் கட்டிய அன்று குழியில் வேலை செய்பவர்களுக்கு என் மனைவி காசியம்மாள் கோழிக் குழம்பு கொடுத்தனுப்பினார். அசைவம் வெளியே போனால் காத்து கருப்பு அண்டாமலிருக்கக் கரித்துண்டு கூடப் போக வேண்டுமல்லவா, அதை அலுமினியத் தாளில் மடித்துத் தூக்குப்போசி மூடிமேல் வைத்திருந்தார். ஆய்வுக் கரியையும் அவர்கள் அதே தாளில்தான் மடிப்பார்களாம். இரண்டும் ஒரே மேசையில் இருந்தன. சாப்பிட்ட கையோடு ஆய்வுக்கூடத்துக்குப் போகும் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். இன்று காலை, குழியில் வேலை செய்யும் மாரப்பன் ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"ஏனுங்க சார், இது மேசைக்கு அடியில கெடந்துச்சு. உள்ள குழி மண்ணோட கரி இருக்குதுங்க. அப்பப் பொட்டியில போனது எதுங்க?"

"சோபனா அம்மாகிட்டச் சொன்னியாப்பா?"

"நீங்கதான பேப்பர்காரரு. சேதி சொல்றது உங்க வேலைங்க."

சோபனாவிடம் சொல்லப் போனேன். அவர் குழம்பின் ருசியைப் பற்றியே பேசினார், சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

முப்பது ஆண்டுகளில் என் செய்திக்கு ஒரு மறுப்பும் வந்ததில்லை. எங்கள் ஊரின் வயது மூவாயிரம் ஆண்டு இருக்கலாம் என்று நான் எழுதி, தாங்கள் முதல் பக்கத்தில் போட்டு, ஊரார் பிளெக்ஸ் கட்டி, இப்போது பாலக்கோடு பஸ்ஸில் "மூவாயிரம் வருசத்து ஊர்க்காரரு வந்துட்டாரு, எடம் விடுங்கப்பா" என்கிறார்கள். ஆய்வுக்கூடம் போன மாதத்துக் கரி என்று சொல்லிவிட்டால் நான் எந்தப் பஸ்ஸில் ஏறுவது? ஆகவே அகழாய்வு பற்றித் தாங்கள் போடவிருக்கும் சிறப்புப் பக்கத்தை நிறுத்திவிடுங்கள். மறுப்பை நானே எழுதித் தருகிறேன். வேறொருவர் எழுதினால் தாங்கமாட்டேன்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லவும். தங்கள் பத்திரிகைமேல் எந்த வழக்கும் வராதிருக்க வேண்டிக்கொள்ளும்,
தீர்த்தகிரி

பின்குறிப்பு: இதைக் காசியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "கேஸ் அடுப்பு வெச்சிருக்கற வூட்டுல கரி ஏதுங்க? மொத நாள் குழியப் பாக்க வந்தப்ப அங்கதான் ஒண்ண எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். நல்லாக் கழுவித்தான் வெச்சேன்" என்கிறார். ஆகவே சிறப்புப் பக்கம் இருக்கட்டும். ஆனால் இரண்டு ஆதாரம் இல்லாமல் நான் எழுதுவதில்லை என்பது தங்களுக்குத் தெரியும். இதற்கு முதல் ஆதாரம் காசியம்மாள். இரண்டாவது, ஆய்வுக்கூடம். தை மாதக் கடைசியில் சொல்வார்களாம்.