டாக்டர் காதில் தூண்டில் முள்

"முள்ளை எடு லோர்னா, உயிர் போகுது!"

"தொட மாட்டேன் டாக்டர். தொட்டா என் லைசென்ஸ் போயிடும்."

டாக்டர் ஹால்வர்சனின் காது மடலில் தூண்டில் முள் ஏறியிருந்தது. அதில் புழு இன்னும் நெளிந்துகொண்டிருந்தது.

லோர்னா எல்க் க்ரீக் கிளினிக்கின் பிசிஷியன் அசிஸ்டென்ட். தையல் போடுவாள், மாவுக்கட்டு கட்டுவாள், மருந்து எழுதுவாள். ஆனால் அவளுக்கு மேலே பொறுப்பேற்க ஒரு டாக்டர் இருந்தே ஆக வேண்டும் என்பது அந்த மாநிலத்துச் சட்டம். பொறுப்பிலிருந்த ஹால்வர்சன் நேற்று ஓய்வு என்று அறிவித்துவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார். வேறு டாக்டர் கிடைக்காவிட்டால் இன்று மாலை கிளினிக்குக்குப் பூட்டு. சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்கு நாதி கிடையாது. லோர்னா பூட்ட விடுவதாக இல்லை.

"படகுல கொஞ்சம் கண்ணசந்தேன். பாழாப்போன காத்து தூண்டிலைத் தூக்கி அடிச்சிருக்கு!"

"பொல்லாத காத்து," என்றாள் படகில் கூடப் போயிருந்த அவர் மனைவி சிக்ரிட், பின்னல் ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"டவுன் ஆஸ்பத்திரிக்குப் போங்களேன்?" என்றாள் லோர்னா.

"நூறு மைல்! கழுத்தே திரும்பல, எப்படி ஓட்டுவேன்?"

"எனக்கு ஹைவேன்னா தலை சுத்தும்," என்றாள் சிக்ரிட்.

பொறுப்பேற்க வேறு டாக்டரைத் தேடி லோர்னா போனை எடுத்தாள். முதல் டாக்டர், சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு ஏற்கெனவே அசிஸ்டென்ட்களைத் தன் பொறுப்பில் வைத்திருந்தார். இரண்டாமவர் சந்தோஷமாகச் சம்மதித்தார். ஆனால் அவர் ஹவாய்க் கடற்கரையில் இருந்தார். மாநிலத்துக்குள் இருக்க வேண்டுமாம்.

அதற்குள் ஹால்வர்சன் கண்ணாடியைப் பார்த்துத் தானே ஒரு இழு இழுத்தார். முள் இன்னும் ஆழமாகப் போனது.

ரத்த அழுத்தம் பார்க்க வந்திருந்த மாட்டு டாக்டர் பர்ட், "கன்னுக்குட்டியா இருந்தா இந்நேரம் எடுத்திருப்பேன்," என்றார்.

"நான் கன்னுக்குட்டிதான்யா, எடு!"

"மனுஷனைத் தொட்டா என் லைசென்சும் போயிடும். தூண்டில் நூலை வேணா நறுக்கறேன்."

அவர் நூலைப் பிடித்து இழுத்த இழுப்பில் முள்ளின் நுனி காதைத் துளைத்துச் சட்டைக் காலரிலும் மாட்டிக்கொண்டது. டாக்டரின் தலை தோளோடு தைத்துப்போனது.

"எந்த மடையன் போட்ட சட்டம் இது?"

"போன வருஷம் சட்டசபைக்குப் போய் நீங்கதானே பேசினீங்க? 'டாக்டர் இல்லாம அசிஸ்டென்ட்ங்க ஒரு முள்ளைக்கூடப் பிடுங்கக் கூடாது'ன்னு," என்றாள் லோர்னா.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்!"

"எல்லாரும் கை தட்டினாங்களே."

ஹால்வர்சன் பல்லைக் கடித்தார். "சரி. இன்னைக்கு மட்டும் பொறுப்பு ஏத்துக்கறேன்."

"இன்னைக்கு மட்டும்னா வேண்டாம். ரெண்டு வருஷம். வாரத்துல நாலு நாள் இங்க வந்து உக்காரணும்."

"ஒரு வருஷம்!"

"புழு உள்ள போகுது டாக்டர்."

"கொண்டா பேனாவை!"

கையெழுத்து விழுந்தது. லோர்னா மரப்பு ஊசி போட்டு, கண் மூடித் திறப்பதற்குள் முள்ளை எடுத்துவிட்டாள். காத்திருந்த பண்ணைக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். டாக்டர் முனகிக்கொண்டே தன் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். லோர்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் சிக்ரிட் பின்னலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காத்துக்குக் கோயிலே கட்டலாம்மா," என்றாள் லோர்னா.

"காத்தாவது ஒண்ணாவது! நாள் பூரா அந்த மனுஷனை வீட்டுல வெச்சுக்கிட்டு யாரு சமாளிக்கறது? தூங்கறப்ப நான்தான் மாட்டி விட்டேன்."