மொட்டைகளுக்கு ஊற்றிய உப்புநீர்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், மகள், மாப்பிள்ளை மூவரும் நலம். உன் முழங்கால் நலமா? நலம் என்று எழுதியது ஒரு மரியாதைக்குத்தான், நான் நலமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. மாடி அறையில் ஒரு கட்டில் போட்டால் போதும், சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டேன். சொல்வேன் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

நடந்ததைக் கேள், திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள். மகளின் ஆய்வுக்கூடத்தில் தட்டுகளைக் கழுவுகிற வேலைக்கார அம்மாவுக்குக் கை முறிந்துவிட்டது. "வீட்ல சும்மா சுவரைத்தானே பாத்துக்கிட்டு இருக்கீங்க, ஒரு மாசம் வாங்கப்பா" என்றாள். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஓட்டியவனுக்குச் சுவரைப் பார்ப்பதுதான் வேலையே. இருந்தாலும் போனேன். அங்கே அவள் வளர்ப்பது தயிரில் இருக்குமே, வயிற்றுக்கு நல்லது செய்கிற கிருமிகள், அவைதான். குடலின் உள்தோலைச் சின்னத் தட்டில் வளர்த்து அதன்மேல் இவற்றை விடுகிறாள். அவற்றின் மேல் மெல்லிய இழைகள் உண்டாம், வழவழவென்றிருக்கும் குடலை அந்த இழையால் பற்றிக்கொள்வதால்தான் அடித்துக்கொண்டு போகாமல் தங்குகின்றனவாம், இதை நிரூபிக்க நாலு வருஷமாக உயிரை விடுகிறாள். ஒரு தட்டில் இழை உள்ளவை, இன்னொன்றில் இயந்திரத்தில் சுழற்றி இழையை முறித்துவிட்ட மொட்டைகள். இரண்டையும் உப்புநீரால் மூன்று முறை கழுவினால் இழை உள்ளவை நிற்க வேண்டும், மொட்டைகள் போய்விட வேண்டும். "நல்லா ஊத்தி, ஆட்டி, கொட்டணும்பா, பாவம் பாக்கக் கூடாது" என்றாள். சரி சரி என்று தலையாட்டினேன்.

ஒரு மத்தியானம் அவள் சாப்பிடப் போனபோது மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துத் தொலைத்தேன். அடடா, அக்கா, என்ன சொல்வேன்! உள்ளே வெளிச்சமாக ஒரு குளம். சத்தமே இல்லை. குட்டிக் குட்டிக் குச்சிகளாக அவை மிதக்கின்றன, நடுங்குகின்றன, எங்கேயோ போய்க்கொண்டே இருக்கின்றன. இழையெல்லாம் இந்தக் கண்ணாடியில் தெரியாது என்று அவள் சொல்லியிருக்கிறாள், எனக்கென்னவோ தெரிந்தது. லிஃப்டில் நான் மட்டும் தனியாகக் கீழே இறங்கத் தொடங்கும்போது உடம்பு லேசாகுமே, அப்படி ஆகிவிட்டது. எவ்வளவு நேரம் இருந்தேனோ, மொட்டை ஒன்று பிடி கிடைக்காமல் ஓரமாக உருண்டு உருண்டு வந்தது. கதவு மூடுகிற நேரத்தில் கையில் பையோடு ஓடிவருவார்களே, அந்த முகங்கள் ஞாபகம் வந்தன. என் சர்வீஸில் ஒருத்தர் முகத்திலும் நான் கதவைச் சாத்தியதில்லை. அன்று முதல் மொட்டைகளுக்கு மட்டும் கண்ணுக்கு மருந்து விடுகிற மாதிரி சொட்டுச் சொட்டாக விட்டேன். ஆட்டவில்லை. மூன்று முறை ஒரு முறையாகிவிட்டது.

மூன்று வாரமாக மொட்டைகளும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன. "இழை இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னு வருதே, நாலு வருஷமும் தண்டமாப் போச்சே" என்று சமையலறையில் மாப்பிள்ளையிடம் அழுகிறாள். நான் கூடத்தில் ஒரே காலுறையை நாலு தடவை மடித்தேன். திங்கட்கிழமை பேராசிரியரிடம் ஆய்வைக் கைவிடுவதாகச் சொல்லப் போகிறாள். நான் வாயைத் திறந்தால் விஷயம் முடிந்தது, ஆனால் நாக்கு எழவில்லை. அவள் அம்மா போன பிறகு காலையில் எதற்கு எழுந்திருக்கிறோம் என்றே தெரியாமல் இருந்தேன். இப்போது இரண்டு டப்பாவில் சோறு கட்டிவிட்டு, "வாங்கப்பா, நேரமாச்சு" என்கிறாள். அதைக் கேட்கத்தான் எழுந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அந்தக் குரல் போய்விடும் என்று பயமாக இருக்கிறது, அக்கா. உன் வீட்டுக்கு வந்தவுடன் ஃபோனில் சொல்லிவிடுகிறேன். தூரத்திலிருந்து திட்டு வாங்குவது எனக்கு நன்றாக வரும், நீ பழக்கியதுதான்.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகள் கையில் எடுத்தது எதுவும் நழுவாமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பெட்டியோடு வாசலில் நிற்கப்போகும்
உன் தம்பி

பின்குறிப்பு: அத்தை, இது உங்க மருமக எழுதுறேன். தபால்ல போடச் சொல்லி அப்பா உறையை என்கிட்டயே குடுத்தார். பழைய உறை, பசை காஞ்சு வாயைப் பொளந்துக்கிட்டு இருந்துச்சு, படிச்சிட்டேன். ஒரு மணி நேரம் கத்தினேன். அப்புறம் ரெண்டு பேரும் போய்ப் புதுசா ரெண்டு தட்டை மூணு மூணு தடவை கழுவினோம். நான் ஊத்தினேன், அவர் கண்ணை மூடிக்கிட்டு ஆட்டினார். மொட்டையில ஒண்ணு ரெண்டைத் தவிர எல்லாம் போயிடுச்சு. திங்கட்கிழமை பேராசிரியர்கிட்ட தலை நிமிந்து பேசுவேன். ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க, அவரைக் கூட்டிட்டுப் போக வராதீங்க. பெட்டியைப் பரண் மேல ஏத்திட்டேன். நாளைக்கும் ரெண்டு டப்பாதான்.

அக்கா, உறையைப் பிரிக்க முடியாமல் கிழித்திருப்பாய், மன்னித்துவிடு. இந்தத் தடவை பசை தடவப்போவது அவள்.