கைப்பையின் வாய்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம். நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் இவ்வளவு கோபத்தை எழுதத் துணிகிறேன். உடம்பு சரியில்லை என்றால் குணமான பிறகு படிக்கவும்.

நீங்கள் பதினொரு வருடம் மாட்டிக்கொண்டிருந்துவிட்டு எனக்குக் கொடுத்த பழுப்புக் கைப்பையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தையல் கடைக்குப் போன முதல் நாள், "பையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோடி, யாரும் உன்னை எதுவும் கேக்க மாட்டாங்க" என்றீர்களே, அன்றிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டுதான் தெருவில் நடக்கிறேன். வாரம் தவறாமல் எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன், கிழிந்த உள்துணியை நானே மாற்றினேன். போன மாதம் அதன் வாயில் 'டக்' என்று ஒன்றோடொன்று மாட்டி மூடும் இரண்டு பித்தளைக் குமிழ்களில் ஒன்று தளர்ந்துபோய், பேருந்தில் பை தானாகத் திறந்து, என் நூல்கண்டு ஓட்டுநர் காலடி வரை உருண்டு போய்விட்டது. அதை எடுத்துத் தரும்படி கேட்க வாய் வராமல், இறங்கும்வரை நூலின் இந்த நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அம்மா ஊக்கு குத்திக் கொடுத்தாள். அந்த ஊக்கு என் விரலைக் குத்தி, வாடிக்கையாளரின் வெள்ளை ரவிக்கையில் ரத்தம் பட்டு, கடைக்கார அக்கா போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

அதற்கப்புறம்தான் பை தைக்கிறவரிடம் போனேன். அவர் கடையில் நாலு பேர் நின்றார்கள், ரேடியோ வேறு அலறியது. "என்னம்மா வேணும்?" என்றார். "வாய்..." என்றேன். "சத்தமாச் சொல்லு." "வாய் மூடணும்." "அவ்வளவுதானே? வச்சிட்டுப் போ, ஜென்மத்துக்கும் திறக்காது!" என்றார்.

திறக்கவே இல்லை அத்தை! தடித்த கறுப்பு நூலால், இரட்டைத் தையல் போட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வாயை மூடித் தைத்து வைத்திருக்கிறார். "நீதானம்மா வாயை மூடணும்னே? பழசையெல்லாம் இப்ப அழகுக்குச் செவுத்துல மாட்டுறாங்க, அதுக்காக்கும்னு நினைச்சேன்" என்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நன்றி" என்றேன்! அதை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அப்பா தடவிப் பார்த்து, "தையல் சுத்தமா இருக்கே" என்கிறார். "இனிமே எதுவும் தொலையாது" என்கிறாள் அம்மா. என் சீப்பு உள்ளே மாட்டிக்கொண்டது, குலுக்கினால் சத்தம் கேட்கிறது. நானே பிரிக்கலாம் என்றால், பழைய தோல், கிழிந்துவிட்டால் வேறு பைக்கு எங்கே போவேன்? ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நேரில் வந்து, அவர் கடை வாசலில் நின்று, எனக்காக ஒரு பத்து நிமிடம் கத்தவேண்டும். உங்கள் குரல் உங்களுக்கே தெரியும்.

மாமாவின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,

உங்கள் பூனைக்குட்டி

பி.கு.: வரவேண்டாம். இந்தக் கடிதத்தைப் போடத் தபால் பெட்டிக்குப் போகும்போது வெறுங்கையோடு நடக்க ஒரு மாதிரியாக இருந்ததால், பையை இடுக்கிக்கொண்டு போனேன். "என்னம்மா, செவுத்துல மாட்டியாச்சா?" என்று வழியில் அந்தப் பை தைக்கிறவர் கடையிலிருந்தே கேட்டுச் சிரித்தார். அவ்வளவுதான். "அண்ணே, கதவை மூடச் சொன்னா செங்கல் வச்சுக் கட்டிருவீங்களா? வாயின்னா திறக்கணும், மூடணும், மறுபடி திறக்கணும்!" என்று கத்திவிட்டேன். யார் கத்துவது என்று நானே திரும்பிப் பார்த்தேன். அவர் ரேடியோவை அணைத்தார். பிளேடால் ஒவ்வொரு நூலாக அறுத்து, தோலில் கீறல் படாமல் பிரித்தார். குமிழை இடுக்கியால் ஒரு அழுத்து அழுத்தினார். 'டக்'. பழைய சத்தம்! "இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா?" என்றார். "சொல்ல விட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, நீங்கள் சண்டை போட்டால் வருவீர்களே, அதேபோல் தலை நிமிர்ந்து, திரும்பியே பார்க்காமல், விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறு பி.கு.: பை அவர் மேசையிலேயே இருக்கிறது. அவ்வளவு பேசிவிட்டு எந்த முகத்தோடு போய்க் கேட்பேன்? ஞாயிற்றுக்கிழமை அவசியம் வரவும்.