வளர்ச்சிக்குக் கால் கொடுத்தவர்

நிர்வாக இயலுக்கு எங்கள் அலுவலகம் அளித்த மாபெரும் கொடையை உலகம் இன்னும் உணரவில்லை. உணரும் நாளில், அந்தக் கொள்கை ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில், கெட்ட வியர்வை வாடைக்கு நடுவே பிறந்தது என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

எங்கள் மேலாளருக்குப் புஜம் பெருக்க ஆசை. பயிற்சியாளரோ அவர் தோளில் பாரத்தை ஏற்றி, உட்கார வைத்து எழுப்பிக்கொண்டே இருந்தார்.

"கை வளரணும்னு வந்தா காலை ஏன்யா கொல்றே?"

"கால் பெரிய தசை சார். அதுல பாரம் ஏறினா உடம்பு மொத்தமும் வளரும். அதுக்காகக் கையைச் சும்மா விட்டுடக் கூடாது, அதுக்கும் தனியா வேலை கொடுக்கணும்."

மேலாளருக்கு மூச்சு வாங்கியதில் கடைசி வாக்கியம் காதில் விழவில்லை. மாபெரும் கொள்கைகள் இப்படித்தான் உருவாகின்றன.

மறுநாள் காலை அவசரக் கூட்டம்.

"நம்ம ஆபீஸ்ல கால் எது?" என்றார்.

எல்லோரும் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். அவருடைய நேர்முக உதவியாளன் என்ற முறையில் நான்தான் எழுந்தேன். "தபால் பிரிவு சார். நாள் முழுக்க நிக்கிறது அவங்கதான்."

தபால் பிரிவு என்பது ஒரே ஒரு பெண்மணி. அவரைவிட ஆறு வயது மூத்த மேலாளர் உட்பட எல்லோருக்கும் அவர் 'அக்கா'.

அன்றே ஆணை பிறந்தது. எல்லாப் பிரிவுகளின் கோப்புகளும் அக்காவின் மேசைக்குப் போயின. மற்றவர்கள், பயிற்சிக்குப் பின் தசைகளுக்குத் தருகிற 'மீட்சி ஓய்வில்' வைக்கப்பட்டார்கள்.

"ஒருத்தியா எப்படி சார் இவ்வளவும் பாக்குறது?"

"பாரம்னு நினைக்காதீங்கக்கா. பயிற்சின்னு நினைங்க."

"இதுல எனக்கு என்ன சார் வளரும்?"

"ஆபீஸ் வளரும்க்கா."

வளர்ந்தது. திட்டப் பிரிவில் மூவருக்குச் சட்டைப் பித்தான் பூட்டவில்லை. கணக்குப் பிரிவில் இரண்டு நாற்காலிகளை அகலப்படுத்த வேண்டியதாயிற்று. மாதாந்திர வளர்ச்சி அறிக்கையில் ஒன்றுவிடாமல் பதிவு செய்தேன். மூன்றாம் மாதம் அக்காவின் வலது மணிக்கட்டு வீங்கியது. "கைப்பகுதியிலும் கண்கூடான வளர்ச்சி" என்று எழுதினேன்.

ஆறு வாரம் எழுதவே கூடாது என்று மருத்துவர் கொடுத்த சீட்டை அக்கா நீட்டினார்.

"பாதியில நிறுத்தினா வளர்ந்ததெல்லாம் கரைஞ்சிடும்க்கா" என்றார் மேலாளர், உண்மையான கவலையோடு.

அக்கா இடது கையால் எழுதப் பழகினார். இதை நான் 'பன்முக முன்னேற்றம்' என்று பாராட்டினேன். அந்த வாரம்தான் என்னை முதுநிலை உதவியாளனாக்கினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மார்புவரை கோப்புகளை அடுக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கிய அக்காவுக்குக் கடைசிப் படி தெரியவில்லை. முழங்கால் சில்லு இரண்டாக உடைந்தது. கோப்புகளுக்குச் சேதமில்லை.

அலுவலகத்தின் சார்பில் பழக்கூடையோடு மருத்துவமனைக்குப் போனேன். காலில் கட்டு, கையில் கட்டு. கட்டிலோரம் அவர் கணவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் வெளியே போய்விட்டார்.

"அறிக்கையில என்னைப் பத்தி என்ன தம்பி எழுதினீங்க?"

பழக்கூடையை மேசையில் வைத்தேன். "ஆபீஸே உங்க மேலதான் நிக்குதுன்னு எழுதியிருக்கேன்க்கா."

அக்கா இடது கையைக் கட்டிலில் ஊன்றினார்.

"அப்படின்னா எல்லாரும் கொஞ்சம் இறங்குங்க தம்பி. நான் எழுந்திரிக்கணும்."