மச்சான் போட்டோவுக்கு நான் வைத்த பூ

எனக்கு மன்னிப்புக் கேட்க வராது. கவலைப்படத்தான் வரும். செங்கம் சாலையில் சைக்கிள் வாடகைக் கடை வைத்திருக்கிறேன். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இப்படி மூன்று முறை. (நான்காவது முறையும் வர ஆசைதான். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள்.) ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர் யாராவது என் சைக்கிளில் மலை சுற்றப் போனால், அவரைப் பெற்றவள்கூட அவ்வளவு தவித்திருக்க மாட்டாள்.

இந்தக் கவலைதான் என் மச்சான் குமரனோடு சண்டை மூட்டிவிட்டது. குமரன் என் மனைவி கலாவின் ஒரே தம்பி. வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தான். வந்தவர்கள் எல்லாம் வீட்டைப் பார்த்தார்கள், நான் தூணைப் பார்த்தேன். மயிரிழை போல ஒரு கீறல். விரலால் தட்டினேன். சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த மேஸ்திரியை எழுப்பி இழுத்து வந்து, "கம்பி கம்மியா போட்டுட்டாங்களோ?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். ஆனால் பந்தியில் இருந்த நான்கைந்து பேர் இலையைத் தூக்கிக்கொண்டு வெளியே பந்தலுக்குப் போய்விட்டார்கள்.

எட்டு மாதமாக மச்சான் என்னோடு பேசவில்லை.

அதற்குள் என் மகள் யாழினிக்குக் காது குத்த நாள் பார்த்துவிட்டோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். கலா தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"என் தம்பி மடி இல்லன்னா எம்பொண்ணுக்குக் காதுகுத்து கிடையாது. தட்டினது நீங்க. நீங்களே போய் சரி பண்ணுங்க."

பத்து நாள் இருந்தது. எப்படியும் மச்சானை வரவழைத்தே தீருவது என்று முடிவு கட்டினேன். போன் செய்தேன், எடுக்கவில்லை. எழுதி அனுப்பலாம் என்றால் நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நான்கு வரி எழுதி, அதில் ஏதாவது பிழை இருக்குமோ என்று பார்த்துப் பார்த்தே போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பேசிப் பதிவு செய்தேன். திரும்பக் கேட்டால், மன்னிப்பெல்லாம் முடிந்த பிறகு கடைசியில் என் குரல், "அந்தத் தூணு இப்ப எப்படி இருக்குது மச்சான்?" என்று கேட்டது. அழித்துவிட்டேன்.

அப்போதுதான் பக்கத்து ஜெராக்ஸ் கடை சாந்தி அக்கா ஒரு வழி சொன்னார்.

"வார்த்தையே வேணாம்பா. வரிசையா போட்டோ எடுத்து இந்த ஆப்ல போட்டா, எல்லாம் சேர்ந்து ஒரே படமா அசையும். எங்க வூட்டுக்காரரு கோவிச்சிக்கினு போனப்ப, நான் மொறைக்கறதுலேர்ந்து சிரிக்கற வரைக்கும் எட்டு போட்டோ எடுத்து அனுப்பினேன். சாயங்காலமே வந்துட்டாரு."

"எனக்குச் சிரிப்பு வராதே அக்கா."

"அப்ப கால்ல விழு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வயதில் மூத்தவன் நான். சின்னவன் காலில் விழுவது வழக்கமில்லை. ஆனால் படத்தில் விழலாமே! பேச்சில்லை, எழுத்தில்லை, என் வருத்தம் மொத்தமும் அசைந்து அசைந்து தெரியும்.

மறுநாள் கலா துணி தைக்கக் கொடுக்கப் போன நேரத்தில் சாந்தி அக்கா கடையில் படப்பிடிப்பு நடந்தது. நான் நின்றேன். அக்கா போனைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"யாரு கால்ல விழறன்னு தெரிய வேணாமா?"

நியாயம்தானே. வீட்டுக்கு ஓடி, சுவரில் மாட்டியிருந்த மச்சானின் ஃபிரேம் போட்ட படத்தை எடுத்து வந்தேன். கடையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்து வைத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். என்னவோ வெறிச்சென்று இருந்தது. கடையின் சாமி படத்துக்கு வாங்கியதில் ஒரு முழம் மல்லிகை மிச்சம் இருந்தது. மரியாதைக் குறைவாக எதுவும் இருக்கக் கூடாது என்று அதை எடுத்து ஃபிரேமுக்குப் போட்டேன்.

"இப்ப லட்சணமா இருக்குது" என்றார் சாந்தி அக்கா.

ஆதார் நகல் எடுக்க வந்து காத்திருந்த பெரியவர் ஒருவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அவர் எதற்குக் கழற்றினார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

நின்றபடி ஒன்று, கும்பிட்டபடி ஒன்று, முட்டி மடக்கி ஒன்று என்று தொடங்கி, தரையில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடப்பது வரை பன்னிரண்டு படம். நடுவில் இடுப்பு பிடித்துக்கொண்டது. "அப்படியே இருப்பா, அந்த மூஞ்சி நல்லாருக்குது" என்றார் அக்கா. ஆப் எல்லாவற்றையும் கோத்துக் கொடுத்தது. பார்த்தால் நான் விழுகிறேன், எழுகிறேன், விழுகிறேன், எழுகிறேன். நிற்கவே இல்லை. கொஞ்சம் தண்டால் எடுப்பது போலத்தான் இருந்தது. ஆனால் முகத்தில் உண்மையான வேதனை இருந்தது. (இடுப்பு உபயம்.)

பன்னிரண்டு படத்தையும் தனித்தனியே பெரிதாக்கிப் பார்த்தேன். லுங்கி விலகியிருக்கிறதா, பின்னால் யாருடைய ஆதார் எண்ணாவது தெரிகிறதா, மின்விசிறி ஆடுகிறதா என்று எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டேன். கவலைப்பட வேண்டிய ஒன்றைத் தவிர.

அவமானம் பத்துப் பேர் முன்னால் நடந்தது, மன்னிப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற குரூப்பிலேயே போட்டேன்.

ஐந்து நிமிடம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கலாவின் பெரியப்பா கைகூப்பிய படம் ஒன்றைப் போட்டு, 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதினார். அவருக்குக் கீழே ஏழு பேர் கைகூப்பினார்கள். ஒருவர், 'சின்ன வயசு' என்று எழுதினார். பெரியப்பா அதோடு நிற்காமல் குரூப்பில் இல்லாத அடி அண்ணாமலை சொந்தங்களுக்கும் என் படத்தை அனுப்பி வைத்தார்.

தையல்கடையிலிருந்து ஓடி வந்த கலாவுக்கு மூச்சு வாங்கியது.

"பூ யாரு வெச்சது?"

"நான்தான். வெறிச்சுனு இருந்துதுனு..."

"உயிரோட இருக்கற என் தம்பி போட்டோவுக்குப் பூ போட்டு, நடுக்கடையில வெச்சிக் கும்புட்டு விழுந்தீங்களா?"

அவள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. உடனே அந்தப் படத்தை அழித்தேன். 'தம்பி நல்லா இருக்கான்' என்று கலா குரூப்பில் எழுதினாள். ஆனால் இரங்கல்களை அழிக்க எனக்கு அதிகாரம் இல்லை.

வேறு ஆளாக இருந்தால் வீட்டுக்குள் ஒளிந்திருப்பான். எனக்கு அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்ததோ, மறுநாள் காலை ஆறு மணிக்கே வேங்கிக்கால் போய் மச்சான் வீட்டு கேட் முன்னால் நின்றேன். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த குமரன் உள்ளே போய்விட்டான். நான் நகரவில்லை. மச்சான் இறங்கி வரும்வரை இங்கேதான் என்று கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் வந்தவர் அடி அண்ணாமலை சித்தப்பா. கையில் பெரிய ரோஜா மாலை.

"எத்தினி மணிக்குப்பா எடுக்கறாங்க?"

"எடுக்கலைங்க. மச்சான் உயிரோட இருக்காரு."

"அப்ப போனது யாரு?"

"யாரும் போவல சித்தப்பா."

"ஒருத்தருமே போவலியா?" என்று கேட்டு மாலையைப் பார்த்தார். "வெள்ளனவே எழுந்து கட்டச் சொல்லி வாங்கியாந்தேனே."

அடுத்து ஷேர் ஆட்டோவில் மூன்று பெண்கள், அழுதுகொண்டே இறங்கினார்கள். அவர்களை நிறுத்தி விளக்குவதற்குள் இரண்டு பைக். கேட்டில் நின்று வருகிறவர்களை எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு, "ஒண்ணுமில்லைங்க, நல்லா இருக்காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தெருவில் போகிறவர்கள் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

ஒன்பதாவது ஆளுக்கு விளக்கும்போது மாடியிலிருந்து சத்தம் வந்தது.

"மாமா! உள்ள வந்து தொலைங்க. நீங்க அங்க நிக்கறதப் பாத்தா எனக்கே சந்தேகமா இருக்குது."

கூடத்தில் மாமியார் அவனுக்கு மிளகாயும் உப்பும் சுற்றிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். எட்டு மாதம் சுற்றி வளைத்ததெல்லாம் நேராக வந்தது.

"மச்சான், அன்னிக்கு உன் வீட்ட நான் குறை சொல்லல. நீ இருக்கப் போற வீடாச்சேன்னு பயந்துட்டேன். அவ்ளோதான்."

குமரன் தலையில் அடித்துக்கொண்டான். "அது வெறும் பூச்சுல வந்த கீறல் மாமா. மேஸ்திரி அன்னிக்கே சொன்னாரு. நீங்க எதக் காதுல வாங்குனீங்க?"

காதுகுத்துக்கு வருவேன் மாட்டேன் என்று அவன் சொல்வதற்குள் மாமியார் சொல்லிவிட்டார்.

"சொந்தக்காரங்க பூரா இவன் போட்டோவுக்குப் பூ வெச்சதப் பாத்துருக்காங்க. அத்தினி பேரும் இவன உயிரோட பாக்கணும். காதுகுத்துல இவன்தான் நடுவுல உக்காரணும். ஒருத்தரு விடாம வரச் சொல்லுங்க."

நாங்கள் கூப்பிட்டதைவிட இரண்டு மடங்கு கூட்டம். யாழினி மாமன் மடியில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் எல்லாம் குழந்தைக்குப் பொட்டு வைத்த கையோடு மாமன் தோளையும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஊசி இறங்கியபோது குழந்தை வீறிட்டாள். அதைவிட ஜாஸ்தியாக அழுதது நான்.

அது நடந்து நான்கு வருடம் ஆகிறது. இன்றும் தினமும் காலை ஆறு மணிக்கு அதே குரூப்பில் மச்சான் தன்னைத் தானே ஒரு படம் எடுத்துப் போடுவான். பல் தேய்த்தபடி, டீ குடித்தபடி, சில நாள் தலைகூட வாராமல். கீழே ஒரே வரி: 'மாமா கவனத்துக்கு, இன்னிக்கும் இருக்கேன்.' பெரியப்பா முதற்கொண்டு எல்லோரும் சிரிப்பு பொம்மை போடுவார்கள்.

போன மாதம் ஒருநாள் ஆறேகால் ஆகியும் படம் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. கடையிலிருந்த சைக்கிளில் ஏறி வேங்கிக்காலுக்கு மிதித்தேன். மூச்சிரைக்கப் போய் நின்றால், மச்சான் கேட் அருகே கைலியோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வீட்டுக்குள் திரும்பிக் கத்தினான்.

"அம்மா, நான் பந்தயத்துல ஜெயிச்சிட்டேன். ஏழு மணிக்குள்ள வந்துட்டாரு!"