ஒதுங்க ஓர் இடம்

இந்த உலகத்தில் மந்திரிகளாக இருந்தவர்கள் ஏராளம். நீதிபதிகளாக இருந்தவர்களும் உண்டு. ஆனால் முறைப்படி பொதுமக்களாகப் பதவி வகித்தவர்கள் மிகச் சிலரே. நான் ஒன்றேகால் வருடம் பொதுமக்களாக இருந்திருக்கிறேன். அந்தப் பொறுப்பின் கனம் தெரியாமல் யாரும் அதை லேசாக எண்ணிவிடக் கூடாது. அதற்காகத்தான் இதைச் சொல்ல வந்தேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், என் செல்லங்களே.

பதவிக்கு நான் மனுப் போடவில்லை. சந்தை வாசலில் ஒரு தையல் மிஷின் போட்டு, இறுக்கமானதைத் தளர்த்தியும் தளர்ந்ததை இறுக்கியும் கொடுப்பவள் நான். மாவட்டத் திட்ட அலுவலகத்துக்கு 'மக்கள் பங்கேற்பு அலுவலர்' என்று ஒருவர் புதிதாக வந்திருந்தார். தங்கமான பிள்ளை. அடுத்த இருபத்தைந்து வருடத்துக்கு மாவட்டத்தை விரிவாக்குவது அவர் வேலை. அவருடைய இடுப்பும் அதே திட்டத்தில் இருந்தது. இரண்டு பேன்ட்டுகளை இடுப்புப் பிரித்துத் தைத்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

கூட்ட அறையில் ஒரு மேடை. மேடையில் ஏழு அதிகாரிகள். பின்னால் 'நம் மாவட்டம், நம் கனவு, நம் முடிவு' என்று பேனர். எதிரே நூறு நாற்காலிகள். நாற்காலிகளில் ஒரு ஈ காக்கை இல்லை. வேலைநாளில் பதினொரு மணிக்கு ஊரில் யார் சும்மா இருப்பார்கள்?

அலுவலர் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"அம்மா, நீங்க பொதுமக்களா?"

"டெய்லருங்க. பேன்ட் கொண்டாந்திருக்கேன்."

"டெய்லர்ங்கறது தொழில். அது போக பாக்கி பொதுமக்கள்தானே?"

யோசித்துப் பார்த்தேன். மறுக்க வழியில்லை.

"அப்ப உட்காருங்கம்மா. முன்வரிசையில, நடு நாற்காலில. போட்டோவுல கொஞ்சம் நிறைஞ்ச மாதிரி தெரியும்."

மறுநாள் அறிக்கை வந்தது: 'பொதுமக்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்.' என் மடியிலிருந்த இரண்டு பேன்ட்டுகளையும் சேர்த்துத்தான் பன்மையில் எழுதினார்கள் போலிருக்கிறது.

அன்றிலிருந்து எந்தக் கூட்டம் என்றாலும் எனக்கு ஆள் வந்துவிடும். சட்டப்படி மக்களைப் படிப்படியாக மேலே ஏற்ற வேண்டுமாம். முதலில் 'தகவல் தெரிவித்தல்'. அதற்கு வெறும் தேநீர். அடுத்தது 'கலந்தாலோசித்தல்'. அதற்குத் தேநீரும் பிஸ்கட்டும். கடைசிப் படி 'அதிகாரமளித்தல்'. அதற்குக் கிரீம் வைத்த பிஸ்கட். கூட்டத்தின் பெயர் 'கருத்துக் கேட்புக் கூட்டம்'. நம் மொழியில் கேட்பது என்றால் வினவுவதும் ஆகும், காதில் வாங்குவதும் ஆகும். அலுவலகம் என்பது ஒழுங்குக்குப் பேர்போன இடம். ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும்.

ஐந்தாவது கூட்டத்திலும் நான் ஒருத்திதான் பொதுமக்களாக இருந்ததைப் பார்த்து அலுவலர் மனம் நொந்துபோனார். "அவங்க வரலேன்னா நாம போவோம்மா" என்றார். இப்படித்தான் ஆறாவது கூட்டம் எங்கள் சந்தைக்கே வந்தது.

இந்த இடத்தில் என் நாத்தனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சந்தையில் இரண்டாவது வரிசையில் தக்காளிக் கடை. பேரும் தக்காளி என்றே ஆகிவிட்டது. காலை ஐந்து மணிக்கு வந்தால் மாலை ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். சந்தையில் பெண்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு கழிப்பறை. அதைப் பூட்டி நான்கு வருடம். சாவி கோப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. அதனால் தக்காளி வீட்டை விட்டுக் கிளம்பினால் தண்ணீர் தொட மாட்டாள். ஒரே வருடத்தில் இரண்டு முறை காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும். இப்படியே போனா கிட்னி போயிடும்மா" என்றார் டாக்டர்.

"குடிக்கறது பெரிய விஷயமில்லீங்க டாக்டர்" என்றாள் தக்காளி.

சந்தைக் கூட்டத்தில் எள் போட இடமில்லை. சுமை தூக்குகிறவர்கள், லாரிக்காரர்கள், ஏலக்காரர்கள் என்று இருநூறு ஆண்கள். எல்லாருக்கும் முன்னால், அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். அலுவலர் மைக்கைத் தூக்கித் தக்காளி கையில் கொடுத்து, "கூச்சப்படாம சொல்லுங்கம்மா. உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

அவள் மைக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, எப்படிச் சொல்றது?"

"உள்ளதை உள்ளபடி சொல்லு."

"இத்தனை ஆம்பளைங்க முன்னாடியா? அண்ணன் வேற நிக்குது."

"அப்ப நாசூக்கா சொல்லு."

தக்காளி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சார், எங்க பொம்பளைங்களுக்கு ஒதுங்க ஒரு இடம் வேணும் சார்."

சந்தைப் பெண்கள் அத்தனை பேரும் கை தட்டினார்கள். அலுவலர் எழுதிக்கொண்டார். எழுதியதைத் திரும்பப் படித்தும் காட்டினார். "ஒதுங்க ஒரு இடம். சரிதானேம்மா?"

"சரிதான் சார். ரொம்ப அவசரம் சார்."

'அவசரம்' என்பதையும் எழுதிக்கொண்டார். ஓர் எழுத்தை விடவில்லை. அந்த நேர்மையை நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஏழாவது கூட்டத்துக்குத் தலைமையிடத்திலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். மக்கள் மனதைப் பற்றி ஆறு வருடம் வெளிநாட்டில் படித்தவர். விளக்கை அணைத்துத் திரையில் ஒரே ஒரு சொல்லைக் காட்டினார்: ஒதுங்க.

"பாருங்க, ஒரு சாதாரணத் தக்காளி வியாபாரி கேட்கறாங்க. ரோடு கேட்கலை, பாலம் கேட்கலை. ஒதுங்கணுங்கறாங்க. எதிலேருந்து? அடுத்த வார்த்தையைப் பாருங்க. அவசரம். இந்த அவசர வாழ்க்கையிலேருந்து ஒதுங்கணுமாம்." அவருக்குக் குரல் தழுதழுத்தது. மேடையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நான் எழுந்து நின்றேன். கையைத் தூக்கினேன். "ஐயா, ஒதுங்கறதுன்னா அது இல்லீங்க."

"வேற என்னம்மா?"

எட்டு ஆண்கள் என் முகத்தையே பார்த்தார்கள். "அது வந்துங்க... ஒதுங்கறதுதாங்க."

"அதைத்தானேம்மா நானும் சொல்றேன்."

'பொதுமக்கள் ஆமோதித்தனர்' என்று குறிப்பில் ஏறியது. பொதுமக்களுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. குற்றத்தில் தக்காளிக்குப் பாதி என்றால் எனக்கும் பாதி, அதை மறைக்கவில்லை.

எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது கூட்டங்களில் தரைக்கு என்ன நிறம் என்று கேட்டார்கள். பிறகு பழைய கழிப்பறையை இடித்தார்கள். இயந்திரம் சுவரில் முட்டியபோது சந்தைப் பெண்கள் ஒருவருக்கொருவர் மிட்டாய் கொடுத்துக்கொண்டார்கள். 'ஒதுங்குமிடம்: பணி நடைபெறுகிறது' என்று பலகை வைத்தார்கள். பலகையைப் பார்த்ததும் எனக்கும் உயிர் வந்தது. ஆலோசகர் ஆயிரம் பேசட்டும், கட்டுகிறவர்களுக்குத் தெரியாமலா போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

திறப்பு விழாதான் பதினோராவது கூட்டம். யோசனை சொன்னவள் என்பதால் ரிப்பன் வெட்டும் கௌரவம் தக்காளிக்கு. புதுப் புடவையில் வந்தாள்.

"அண்ணி, இன்னைக்கு டாக்டர் சொன்னதைக் கேட்டுட்டேன். விடிஞ்சதுலேருந்து ஒன்றரை லிட்டர்" என்றாள். நான்கு வருடத்தில் இப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை.

பத்து மணி விழா. மாவட்டத்தின் பெரிய அதிகாரி வந்தது பதினொன்றே கால். வந்தவர் முக்கால் மணி நேரம் பேசினார். தக்காளி ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். "இந்த அம்மா முகத்துல தெரியற தவிப்பைப் பாருங்க. கனவு பலிக்கப்போற தவிப்பு" என்றார் அவர். எல்லாரும் கை தட்டினார்கள்.

ரிப்பனை வெட்டிய கத்தரிக்கோலைக்கூடத் திருப்பிக் கொடுக்காமல் தக்காளி உள்ளே ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

வழவழப்பான தரை. வட்டமாக மெத்தைகள். எங்கிருந்தோ புல்லாங்குழல். 'மௌனம் காக்கவும்' என்று ஒரு பலகை. சுவரோரமாகச் செயற்கை அருவி ஒன்று, சளசளவென்று ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தக்காளி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க சார்?" என்று அலுவலரைக் கேட்டாள்.

"என்னம்மா எங்க?"

"ஒதுங்கற இடம்."

"இதான்மா அது. உட்காருங்க. கண்ணை மூடிக்குங்க. மனசு, உடம்பு எல்லாத்தையும் அப்படியே விட்டுடுங்க."

"இங்கேயா சார்?" என்றாள் தக்காளி.

அலுவலர் பூரிப்போடு தலையாட்டினார். அந்த நேரத்தில்தான் அருவிக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு அவள் கண்ணில் பட்டது. 'அலுவலர்களுக்கு மட்டும்.' கத்தரிக்கோலை நீட்டிப் பிடித்துக்கொண்டு போனதால் ஒருவரும் குறுக்கே நிற்கவில்லை. உள்தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

இரண்டு நிமிடம் கழித்துப் பெரிய அதிகாரி அதே கதவைத் தட்டினார். காலையிலிருந்து மூன்று விழா, மூன்று தேநீர் அவருக்கு. "யாரு உள்ள?"

"பொதுமக்கள்" என்று குரல் வந்தது.

"கொஞ்சம் சீக்கிரம் வாங்கம்மா. அவசரம்."

"அவசரமா சார்? எழுதிக்கறேன் சார்."

மறுநாள் அந்தச் சின்னக் கதவில் ஒரு பெரிய பூட்டுத் தொங்கியது. தக்காளி பழையபடி தண்ணீரை நிறுத்திவிட்டாள். மெத்தைகளில் சந்தைப் பூனைகள் கண்ணை மூடி எல்லாவற்றையும் விட்டுக்கொண்டிருந்தன.

சாயங்காலம் அலுவலர் இன்னொரு பேன்ட்டோடு என் மிஷினுக்கு வந்தார். இடுப்பளவு எடுத்துக்கொண்டே கேட்டேன்.

"தம்பி, பதினோரு கூட்டத்துக்கும் நான் வந்தேன். அந்தச் சின்ன ரூமைப் பத்தி எந்தக் கூட்டத்துல கருத்து கேட்டீங்க?"

அவர் கள்ளங்கபடம் இல்லாமல் சிரித்தார். "அதுக்கு எதுக்கும்மா கூட்டம்? நாள் முழுக்க ஆளுங்க வேலை செய்யற இடம்னா அது ஒண்ணு வேண்டாமா? அதெல்லாம் ஒருத்தர் சொல்லியா தெரியணும்?"

நான் நாடாவை இன்னும் ஓர் அங்குலம் தளர்த்திக்கொண்டேன். பிள்ளை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தங்களுக்கு ஒன்று கட்டிக்கொள்ள அவர்களுக்கு ஒரு கூட்டம்கூடத் தேவைப்படவில்லை. எங்களுக்கு இருந்ததை இல்லாமல் செய்யத்தான் பதினொன்று தேவைப்பட்டது.